நீறு ஏற்ற நாத்திகர்

தை பிறந்துவிட்டால் எங்கள் மானகிரியில் சாலை உறங்குவதில்லை. காரைக்குடிப் பக்கமிருந்து வரும் பாதயாத்திரைக் கூட்டம் இவ்வழியேதான் குன்றக்குடிக்குச் செல்கிறது. அங்கிருந்து நகரத்தார் காவடிகள் பழனியை நோக்கிப் புறப்படுகின்றன. சென்ற ஆண்டு அந்த நாள்களில்தான் எனக்கு பைபாஸ் அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

செய்தி கேட்டு எதிர்வீட்டு ஆச்சி வந்தார். எண்பதைக் கடந்தவர். குன்றக்குடி சண்முகநாதருக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும், நான் நலமாகத் திரும்பியதும் பால்குடம் எடுக்கப்போவதாகவும் சொன்னார். கையில் காகிதத்தில் மடித்த திருநீறு இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் காரண காரியம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை. சண்முகநாதரிடம் எனக்காக வேண்டுவதைவிட, அறுவை செய்யப்போகும் மருத்துவர் முந்தைய இரவு நன்றாகத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் பயனுண்டு என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆச்சி சிரிக்கவில்லை. பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

இறை நம்பிக்கை இல்லாதவரிடம் ஒருவர் வந்து உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லும்போது அவர் மனத்தில் என்ன நிகழ்கிறது? நம்பிக்கையாளர்கள் பலரும் அதை வெறுப்பு என்று எண்ணுகிறார்கள். அது வெறுப்பன்று. நன்றி சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். மறுத்தால் பண்பற்ற செயலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நாக்கு தடுமாறுகிறது. கூடவே ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. பொருளியல் படித்தவனுக்கு அது கூடுதலாக உறுத்தும். பிழைத்துவிட்டால் புகழ் வேண்டுதலுக்குப் போகும். பிழைக்காவிட்டால் பழி விதிக்கோ மருத்துவருக்கோ போகும். இலாபத்தில் மட்டும் பங்கு கேட்டு, நட்டத்தில் பங்கேற்காத கூட்டாளியை எந்த வணிகன் ஏற்பான்?

இந்தத் தடுமாற்றத்தை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2018-இல் புளோரன்ஸ் புயல் அமெரிக்காவின் வட கரோலைனாவைத் தாக்கியபின், லிண்டா துன்ஸ்ட்ரோம் என்ற பொருளியலாளரும் ஷிரி நாய் என்ற சமூகவியலாளரும் அந்த மாநிலத்தவர் நானூற்றுக்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடத்தி, அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். பிறர் தமக்காகச் செய்யும் பிரார்த்தனைக்கு எவ்வளவு பணம் விட்டுக்கொடுப்பார்கள் என்பது கேள்வி. கிறித்துவ நம்பிக்கையாளர்கள் பாதிரியாரின் பிரார்த்தனையைச் சராசரியாக 7.17 டாலருக்கும், முன்பின் அறியாத ஒரு கிறித்துவரின் பிரார்த்தனையை 4.36 டாலருக்கும் மதித்தார்கள். நம்பிக்கையற்றவர்களோ, பாதிரியார் தமக்காக வேண்டாமலிருக்க 1.66 டாலரும், அறியாத கிறித்துவர் வேண்டாமலிருக்க 3.54 டாலரும் இழக்கத் தயாராக இருந்தார்கள். பயனற்றது என்று ஒருவர் உண்மையிலேயே கருதும் பொருளுக்கு அவரிடத்தில் விலை சுழியமாகத்தானே இருக்க வேண்டும்? சுழியத்துக்குக் கீழே போகிறது என்றால், எங்கோ வலிக்கிறது என்று பொருள். ஆனால் அந்த ஆய்வில் வந்தவர்கள் பாதிரியாரும் அந்நியரும் மட்டுமே. எதிர்வீட்டு ஆச்சிக்கு விலை என்ன என்று அதில் கேட்கவில்லை.

அறுவை முடிந்து வீட்டில் கிடந்த வாரங்களில், என் இளமையில் படித்த ஈ.வெ.ரா. பெரியாரின் வாழ்க்கையை மறுபடி எடுத்தேன். சாமி சிதம்பரனார் எழுதிய ‘தமிழர் தலைவர்’ நூலில் தொடங்கிப் பிறவற்றுக்குப் போனேன். தமிழ்நாட்டில் கடவுள் இல்லை என்று அவரைப்போல் ஓங்கிச் சொன்னவர் வேறெவருமில்லை. அவர் நலத்துக்காக வேண்டியவர்களும் அவர் அழிவுக்காக வேண்டியவர்களும் அவரைப்போல் வேறெவருக்கும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதே இம்முறை நான் தேடியது.

அவர் 1879 செப்டம்பர் 17-இல் ஈரோட்டில் பிறந்தார். தந்தை வெங்கட்ட நாயக்கர் உழைத்து முன்னேறிய பெருவணிகர், தாய் சின்னத்தாயம்மாள். வைணவப் பற்று மிக்க குடும்பம். பாகவதர்களும் பண்டிதர்களும் சாமியார்களும் வந்து உண்டு, கதை சொல்லிப் போகும் வீடு. படிப்பு ஏறாத பிள்ளையைப் பன்னிரண்டு வயதிலேயே மண்டியில் உட்கார வைத்தார் தந்தை. அங்கிருந்தபடி வருகிற பண்டிதர்களைக் கேள்வி கேட்பதே பிள்ளைக்குப் பொழுதுபோக்கு. எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரரின் தட்டியைத் தாங்கிய கழியைத் தட்டிவிட்டு, அது அவர் தலையில் விழுந்ததும் அதுவும் விதிதான் என்று சொல்லி ஓடிவிட்டார் என்ற கதை பலருக்கும் தெரிந்ததே. நானும் என் மாணவர்களுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இம்முறை படித்தபோது, தலையில் தட்டி விழுந்த அந்த மனிதரைப் பற்றித்தான் எண்ணினேன்.

பத்தொன்பது வயதில் நாகம்மையாரை மணந்தார். நாகம்மையார் பக்தியுள்ளவர். கோயிலுக்குப் போகும் மனைவியை வழிமாற்ற இளம் கணவர் கையாண்ட முறையைச் சிதம்பரனார் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு நாகம்மையார் போனபோது, தம் நண்பர்களை அனுப்பி, ஊருக்குப் புதிதாக வந்த தாசி என்பதுபோல் அவரைக் கேலிபேச வைத்தார். அந்தப் பெண் நடுங்கிப்போனார். அதன்பின் கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். இதைப் பகுத்தறிவின் வெற்றியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நம்பிக்கையை வாதத்தால் வெல்லாமல் அச்சத்தால் விரட்டிய செயல் அது. பிற்காலப் பெரியாரைப் புரிந்துகொள்ள இந்த இளமைக் கதையை நினைவில் வைத்திருக்க வேண்டும். பண்பு அவருடன் பிறக்கவில்லை.

1904-இல் தந்தையோடு மனத்தாங்கல் கொண்டு காசிக்குப் போனார். பார்ப்பனரல்லாதார் என்பதால் சத்திரத்தில் சோறு மறுக்கப்பட, பசி தாங்காமல் எச்சில் இலையில் உண்ண நேர்ந்ததை அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். திரும்பி வந்தவர் உடனே நாத்திகப் பிரசாரத்தில் இறங்கிவிடவில்லை. வணிகம் பெருகியது, ஈரோடு நகராட்சித் தலைவரானார், தேவஸ்தானக் கமிட்டித் தலைவராகவும் இருந்தார். கோயிலை நம்பாதவர் கோயில் கணக்கை நேர்மையாகப் பார்த்தார். பக்தர் காணிக்கை பிறர் பணம், அதைக் காக்கப் பக்தி தேவையில்லை என்பது அவர் நிலை. பின்னர் காங்கிரசில் சேர்ந்தபோது அந்தப் பதவிகளையெல்லாம் துறந்தார்.

அடுத்து வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் தாழ்த்தப்பட்டோரும் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30-இல் அங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் வரிசையாகச் சிறைப்பட, அழைப்பின்பேரில் ஈ.வெ.ரா. சென்றார். இருமுறை சிறைப்பட்டார், இரண்டாம் முறை நான்கு மாதக் கடுங்காவல். நாகம்மையாரும் அந்தப் போராட்டத்தில் இறங்கினார். கணவர் சிறையிலிருந்தபோது பெண்களைத் திரட்டியவர், முன்பு திருவிழாவில் நடுங்கி நின்ற அதே பெண்தான்.

அப்போது அவர் ஒழிய வேண்டும் என்று வைதிகர்கள் சத்துரு சங்கார யாகம் நடத்தியதாகவும், யாகம் நடந்துகொண்டிருக்கையிலேயே திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலமானதாகவும் பெரியார் பலமுறை சொல்லியிருக்கிறார். மன்னர் இறந்தது 1924 ஆகஸ்டில். அந்த மாறுதலை ஒட்டிக் கைதிகள் விடுதலையானார்கள். ஏவிய யாகம் திரும்பி மன்னரையே தாக்கிவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். வேறு எந்தத் தலைவருக்கும் இது பெரும் வாய்ப்பு. தெய்வம் நம் பக்கம் என்று சொல்லியிருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும். அவருக்கு அது மேடையில் சிரிக்கச் சொல்லும் கதையாக மட்டும் இருந்தது. முன்னால் நடந்தது பின்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடாது என்பதைப் புள்ளியியல் வகுப்பில் நான் பல ஆண்டுகள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தனக்குச் சாதகமான தற்செயலையும் அவ்வாறே தள்ளுவதுதான் கடினம்.

1925 மே 2-இல் ஈரோட்டில் ‘குடி அரசு’ வார இதழ் தொடங்கியது. அதன் அலுவலகத்தைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் மடத்தின் ஞானியாரடிகள். பின்னாளில் புராணங்களைக் கிழித்தெறியப்போகும் பத்திரிகைக்கு ஒரு மடாதிபதியின் கையால் தொடக்கவிழா. அவ்வாண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1929-இல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு. 1931 இறுதியில் கப்பலேறி ஐரோப்பா, சோவியத் நாட்டுப் பயணம். திரும்பி வந்த சில மாதங்களில், 1933 மே 11-இல் நாகம்மையார் மறைந்தார். அப்போது ‘குடி அரசு’ இதழில் அவர் எழுதிய இரங்கல் கட்டுரை தமிழ் உரைநடையில் தனி இடம் பெற்றது. பெண் விடுதலையைப் பற்றி ஊருக்குச் சொன்னதில் பெரும்பகுதியைத் தம் மனைவியிடம் தாம் நடைமுறைப்படுத்தவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். திருவிழாவில் நடந்ததும் அந்தக் கணக்கில் அடங்கும் என்றே நான் படிக்கிறேன்.

இந்தி எதிர்ப்பு, நீதிக்கட்சித் தலைமை, 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகம் என்று அரசியல் வாழ்க்கை விரிந்தது. அதைத் தமிழ்நாடு நன்கறியும். நான் சொல்ல வந்தது வேறு.

திரு.வி.கலியாணசுந்தரனார் சைவர். அரசியலில் பெரியாரோடு சேர்ந்தும் முரண்பட்டும் நின்றவர். அவர் ஈரோட்டில் பெரியார் வீட்டில் தங்கியபோது, காலையில் குளித்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் திருநீற்றுக் கலயத்தோடு காத்து நிற்பார் என்று இன்றளவும் சொல்கிறார்கள். விருந்தாளிக்கு அது வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்து எடுத்துக்கொடுத்தவர், தமக்கு அது வேண்டாதவர். திரு.வி.க. 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார். அது பெரியாரின் பிறந்த நாள்.

அதே 1953-இல், மே 27 அன்று, திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1958-இல் அளித்த தீர்ப்பில், ஒரு சமயத்தார் புனிதமாகக் கருதும் உருவை, அது மண்ணாலானது என்பதற்காகச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே வைத்த கீழ்நிலை நீதிமன்றங்களின் கருத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று வழக்கை மேலே நடத்தவும் சொல்லவில்லை. ஒருபுறம் சைவருக்குத் திருநீறு எடுத்துத் தரும் கை. மறுபுறம் பிள்ளையாரை உடைக்கும் கை. இதை முரண்பாடு என்று அவர் எதிரிகளும், சங்கடம் என்று அவர் தொண்டர்களில் சிலரும் நினைத்தார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, குன்றக்குடி மலையடிவாரத்து மடத்தில் இருக்கிறது. அந்த ஆதீனத்தின் பொறுப்பை ஏற்றவர், பின்னாளில் தமிழுலகம் குன்றக்குடி அடிகளார் என்று அழைத்த தெய்வசிகாமணி அருணாசல தேசிகர். 1950-களின் தொடக்கத்தில் நாத்திகப் பிரசாரம் தமிழ்நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தபோது, அதற்கு மறுமொழியாக அருள்நெறித் திருக்கூட்டத்தை அமைத்து ஊர் ஊராகப் பேசினார். இவர் பேசிய ஊரில் அவர்களும், அவர்கள் பேசிய ஊரில் இவரும் மறுப்புக் கூட்டம் போட்ட காலம். பிறகு இருவரும் சந்தித்தார்கள். சாதி, தீண்டாமை, தமிழ், ஏழைமை ஆகியவற்றில் தங்களுக்குள் வேறுபாடு குறைவு என்று கண்டார்கள். கடவுளைப் பற்றிய வேறுபாடு இறுதிவரை அப்படியே இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள இருவருமே முயலவில்லை என்பதுதான் அந்த நட்பின் சிறப்பு.

அடிகளாரைவிடப் பெரியார் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மூத்தவர். ஆயினும் அவரை மகாசந்நிதானம் என்றே அழைத்தார். அவர் வந்தால் எழுந்து நின்றார். பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது, விருந்தினருக்குச் செய்யும் முறைப்படி அவருக்குத் திருநீறு தரப்பட்டது. மறுக்காமல் ஏற்று நெற்றியில் இருக்க விட்டார். இந்தப் பக்கத்தில் வயதான யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்லும்போது ஒவ்வொருவர் கதையிலும் ஒரு கைப்பிடி நீறு கூடியிருக்கும். உடன் வந்த தோழர்கள் பின்னர் வினவியபோது, அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறோம், அவர்கள் முறைப்படி மரியாதை செய்கிறார்கள், அதைத் தட்டிவிடுவது அவர்களை இழிவுபடுத்துவதாகும் என்ற பொருளில் அவர் விளக்கம் இருந்தது. கடவுள் வாழ்த்து பாடும் கூட்டங்களிலும் அப்படித்தான். எழுந்து நிற்க உடல் ஒத்துழைக்காத முதுமையில்கூட, இருபுறமும் ஆள்கள் தாங்கிக்கொள்ள எழுந்து நின்றார். உட்கார்ந்தபின், தம் முறை வந்ததும், அந்தக் கடவுளை மறுத்துப் பேசினார்.

பெரியார் உள்ளுக்குள் ஆத்திகர் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் இன்றும் உண்டு. 1971 சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தின் பரபரப்பு அடங்குவதற்குள் அவர் வாழ்க்கையே முடிந்துவிட்டது. கடைசிவரை அவர் நிலை மாறவில்லை. திருநீறு அவர் தோலுக்கு மேலே இருந்தது, அவ்வளவே. மறுபுறம், நீறு பூசிய நெற்றியைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் சில தோழர்களையும் நான் அறிவேன். நானே சில காலம் அப்படி இருந்தேன்.

மேடையில் கருத்தோடு மோதினார். வாசலில் மனிதரை வரவேற்றார். மேடையில் பேசப்படுவது ஊருக்கானது. அங்கே தயவு காட்டினால் கருத்துக்குத் துரோகம். வாசலில் தரப்படுவது ஒருவர் இன்னொருவருக்குத் தருவது. அங்கே வாதம் செய்தால் மனிதருக்குத் துரோகம். நாகம்மையாரிடம் அவர் செய்த தவறு, வாசலில் செய்ய வேண்டியதற்கு மேடையின் ஆயுதத்தைக் கையாண்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் நான் என் ஆச்சியிடம் செய்ததும் அதுவே.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பெரியார் நீறு ஏற்றபோது அவர் பெரியார். அவர் நெற்றியில் எதைப் பூசினாலும் அவர் கருத்தை யாரும் மாற்றிவிட முடியாது. ஒரு குடும்பத்தில் தனியாக நிற்கும் நம்பிக்கையற்ற மருமகளுக்கோ, விடுதியில் இருக்கும் மாணவனுக்கோ அந்த வலிமை இல்லை. அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறோம் என்ற சொல் பல வீடுகளில் அன்பாகத் தொடங்கி, அடுத்த வாரம் கோயிலுக்கு வா என்ற கட்டளையாக முடிகிறது. அவர்களைப் பார்த்துப் பெரியாரைப்போல் இன்முகத்தோடு ஏற்றுக்கொள் என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியாதையாக மறுக்கும் உரிமையும் மரியாதையின் பகுதிதான். தமக்காக வேண்டிய நண்பர்களை மன்னித்துவிட்டதாக 2006-இல், இதய அறுவைக்குப் பின், அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேனியல் டென்னெட் எழுதினார். மன்னிப்பு என்ற சொல்லில் கொஞ்சம் செருக்கு இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனாலும் என் படுக்கையிலிருந்து பார்க்கையில் அவர் மனநிலை புரிந்தது.

அதே 2006-இல்தான் ஹெர்பர்ட் பென்சன் குழுவின் ஆய்வும் வெளியானது. ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று உறுதியாகத் தெரியாத இரு பிரிவுகளில், பிரார்த்தனை நடந்தவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் சிக்கல்கள் ஏறத்தாழ ஒரே அளவு: 52, 51 விழுக்காடு. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. தற்செயலாக இருக்கலாம்; ஊரே வேண்டும் அளவுக்கு நம் நிலை மோசமா என்ற பதற்றமாகவும் இருக்கலாம். அறுவைக்கு முன்பே இந்த ஆய்வை அறிந்திருந்தேன். நல்லவேளை, ஆச்சியிடம் இதையும் சொல்லித் தொலைக்கவில்லை.

பெரியாரின் கடைசி ஆண்டுகள் உடல் வேதனையின் ஆண்டுகள். சிறுநீர் வெளியேறக் குழாயும் அதோடு பிணைத்த கலமுமாகத் தமிழ்நாடு முழுக்கப் பயணம் செய்தார். 1973 டிசம்பர் 19-இல் சென்னை தியாகராயநகரில் பேசியது இறுதிப் பேச்சாயிற்று. பேச்சின் இடையே வலி தாங்காமல் அம்மா என்று முனகும் ஒலி ஒலிப்பதிவில் இருக்கிறது. முனகல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து வாதம் தொடர்கிறது. சில நாள்களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய மருத்துவமனை அது. பிரார்த்தனை அங்கே மருந்தைப்போல அன்றாடப் பணியின் பகுதி. உடல்நலக் குறைவுக்கு அவர் நாடிய இடம் அதுவாகத்தான் இருந்தது. டிசம்பர் 24-இல் அங்கே காலமானார். மறுநாள், கிறிஸ்துமஸ் நாளில், அரசு மரியாதையுடன் சென்னை பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டார். வயது 94.

அடிகளார் அதன்பின் இருபத்தோர் ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்களைக் குன்றக்குடிக்கு அழைத்து வந்து, மடத்தின் ஆதரவில் கிராமத் திட்டம் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். ஊரக வளர்ச்சிப் பாடத்துக்காக என் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் அங்கே அழைத்துப் போவேன். நுழைவாயிலில் மாணவர்களுக்குத் திருநீறு தருவார்கள். நான் மட்டும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன்.

ஆச்சி கதைக்கு வருகிறேன். நான் மருத்துவமனையில் இருந்தபோதே அவர் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டார் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத் தெரிந்தது. அந்த வயதில், பாலைச் சுமந்து மலைப்படி ஏறியிருக்கிறார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லக்கூடாது என்று துணைக்குப் போன பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். என் இதயம் இன்று சீராக ஓடுவதற்கு அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் செவிலியரும் காரணம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்தப் படிகளின் எண்ணிக்கையை எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தையில் ஆச்சி குன்றக்குடி போய்த் திரும்பி, தெருவில் வீடுவீடாகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் என் மனைவிக்கு இட்டுவிட்டு, திண்ணையில் இருந்த என்னைப் பாராததுபோல் படியிறங்கினார். எழுந்துபோய்க் கையை நீட்டினேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். நெற்றியில் இடவில்லை. உள்ளங்கையில் கொட்டிவிட்டு, மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார்.